ஆவணத்தில் உள்ளபடி ஒரு குட்டை

ஆண்டுக்கொரு முறை நாம் உயிரோடு இருக்கிறோம் என்று எழுத்தில் நிரூபித்துவரும் நண்பர்களே, இது உங்களுக்குத்தான். ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழ் வரிசையில் நிற்கும்போது நாம் பேசுவதெல்லாம் முழங்கால், சர்க்கரை, மருமகள் என்ற மூன்று தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகிறது. நான்காவதாக ஒன்று தருகிறேன். மீன்.

சென்ற மாதம் தம்பி மகனின் ஸ்கூட்டரில் முதலியார்பேட்டைக்குத் தெற்கே ஆற்றுப் பக்கம் போனேன். கரையில் புதிதாக ஒரு பலகை நின்றது. ஆற்றில் வண்டல் சேர்வதைக் குறைத்து உள்ளூர் மீன்களைக் காக்கும் திட்டமாம். மழைநீர் ஆற்றுக்குள் இறங்கும் முன் ஒரு குட்டையில் நிற்கும். மண் அடியில் தங்கும். தெளிந்த நீர் மட்டும் வழிந்து ஆற்றுக்குப் போகும். படம் போட்டு அம்புக்குறியும் கொடுத்திருந்தார்கள். மூன்று முறை படித்தேன். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது, கருத்துப் பிழை ஒன்றும் இல்லை. அரசுப் பலகைகளைப் பல ஆண்டுகள் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், இது அபூர்வம்.

அந்தக் குட்டையை எனக்குத் தெரியும். அதை வெட்டியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களுடைய பழக்கங்கள் இன்னும் ஏறவில்லை. அப்பா சாலை, கரை, மதகு போடும் அலுவலகத்தில் ஓவர்சியர். அவரிடம் ஓர் அளவு நாடா இருந்தது. தோல் உறைக்குள் சுருண்டு கிடக்கும். பக்கவாட்டில் பித்தளைப் பிடியைச் சுற்றினால் பாம்பு புற்றுக்குள் போவதுபோல உள்ளே போகும். எங்கள் வீட்டில் குழந்தைகள் தொடக்கூடாத பொருள்கள் இரண்டு: சாமி விளக்கு, அந்த நாடா. விளக்கையாவது வெள்ளிக்கிழமை துலக்குவதற்குத் தொடலாம்.

அத்தை எங்கள் தெருக்கோடியில் இருந்தார். சொந்த அத்தை அல்ல. அப்பாவை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. கணவர் இறந்துவிட்டார், இரண்டு பெண் பிள்ளைகள். ஆற்றில் மீன் அகப்பட்டால் அவர் வீட்டில் உலை கொதிக்கும். அகப்படாத நாளில் அந்தப் பெண்கள் இருவரும் எங்கள் வீட்டுக்குப் பாடம் எழுத வருவார்கள். சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் எழுத வருவது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியிருந்தது. இரண்டு தட்டு கூடுதலாகக் கழுவி வைப்பார்.

அத்தையிடம் வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் அடிமணலைத் தடவிப் பிடிப்பார். மீனைப் போடும் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார். அதனால் வேலை நேரத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கரையேறிய பிறகு அதற்கும் சேர்த்துப் பேசுவார்.

அவர் அதிகம் பிடித்தது உளுவை. விரல் நீள மீன், மணல் நிறம், துருத்திய கண். அடித்தரையை விட்டு எழும்பாது. பார்வைக்கு ஒன்றுமில்லை, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். இந்த மீனுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் அத்தை. எங்கள் தெருவில் எந்தக் கூரையைப் பிரித்து மேய்ந்தாலும் அவர் போய் நிற்பார். "ஒடஞ்ச ஓட்ட தூக்கிப் போட்டுடாத, எனக்கு வேணும்." அரைக் குழாய்போல வளைந்த அந்த நாட்டு ஓடுகளைக் கூடையில் சுமந்துபோய் ஆற்றின் அடியில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார். உளுவை ஓடுகளின் உள்வளைவில் முட்டை ஒட்டும். முட்டை இருக்கும் ஓடுகளை அத்தை தொடமாட்டார். ஒட்டாத இடத்தில்தான் தடவுவார். எது ஒட்டியது, எது ஒட்டாதது என்று கைக்குத் தெரியுமாம். என் சர்வீஸில் பதிவேடு வைத்துக்கொண்டே இதைவிடக் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆண்டு ஆற்றங்கரைச் சாலையை உயர்த்தும் வேலை வந்தது. கோரிமேட்டுப் பக்கமிருந்து லாரி லாரியாகச் செம்மண் வந்து கரையில் குவிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தைவிட உயரமான குவியல். வேலையைப் பார்த்துக்கொண்டது அப்பா. குவித்து முடித்ததும் காண்ட்ராக்டருக்கும் அலுவலகத்துக்கும் ஏதோ தகராறு, ஆட்கள் போய்விட்டார்கள். மண் மட்டும் இருந்தது.

ஆடி மாதம் இரண்டு மாலை நல்ல மழை. பதினெட்டாம் பெருக்குக்கு முந்தின நாள் ஆறு சிவந்துவிட்டது.

நம் ஊரில் ஆடியில் சிவந்த தண்ணீர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே எங்கோ மழை, புது வெள்ளம் வந்துவிட்டது, ஆற்றுக்கு மசக்கை. பல ஆண்டுகளாகப் பெருக்கன்று கலங்கலே இல்லாத ஓடையைக் கும்பிட்டுவந்த தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா விடிவதற்குள் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய்ச் சாதம் கிளறிவிட்டார். காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, மாவிளக்கு எல்லாம் தட்டில் ஏறின. தெருப் பெண்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். ஓவர்சியர் என்ற முறையில் அப்பா வெள்ளை வேட்டியில் முன்னால் நடந்தார், வெள்ளத்தை அவரே ஏற்பாடு செய்தவர்போல. ஏற்பாடு செய்தவர் அவர்தான் என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரிய இருந்தது.

எதிர்வீட்டு சொல்தாவும் வந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்குபவர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பூசை காண்பவர். "நான் ஆத்தக் கும்புட வரல முசியே ஓவர்சியர், புளிசாதத்தக் கும்புட வரேன்" என்றார்.

சூடம் ஏற்றியாகிவிட்டது. அம்மா மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த அத்தையின் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அத்தை அவர்களுக்கு அப்பால் குனிந்து அடியில் கை விட்டார். நிமிர்ந்தபோது மணிக்கட்டு வரை செங்குழம்பு.

"அண்ணி, செத்த நிறுத்து. இது வெள்ளம் இல்ல."

"வேற இன்னாவாம்?" என்றாள் ஒரு பெண்.

"வெள்ளம் வந்தா தண்ணி ஏறணும்ல. எங்க ஏறியிருக்கு? சருகு வரணும், நுரை வரணும். ஒரு வைக்கோலாவது வந்துச்சா? இது அண்ணன் கொட்டி வெச்ச மண்ணு."

அப்பாவின் முகம் மாறியது. "மழ பேஞ்சா ஆறு செவக்காம பச்சையாவா போவும்?"

"அப்ப மேல வந்து பாருங்கண்ணே. முப்பது தப்படி."

குவியலைத் தாண்டி மேற்கே முப்பது தப்படி நடந்தோம். அங்கே தண்ணீர் பழையபடி தெளிவாக, கணுக்கால் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடிமணலில் எங்கள் நிழல்கள் வரிசையாக விழுந்தன. கும்பிடுவதற்கு முன் முப்பது தப்படி நடந்து பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா மாவிளக்கை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

சொல்தாதான் கடைசியில் வாய் திறந்தார். "சோத்துக்கு ஒண்ணும் ஆவலியே?"

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். குடிக்கும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அம்மா பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசுவார். சற்று நேரத்தில் மண் அடியில் தங்கித் தண்ணீர் தெளியும். பானையைத் தெளியவைப்பது ஆற்றையும் தெளியவைக்கும் என்று கணக்குப் போட்டு, பிஸ்கட் டப்பாவில் இருந்த கொட்டை முழுவதையும் கொண்டுபோய் ஆற்றில் கொட்டினேன். கொட்டைகள் உருண்டு போயின. ஆறு சிவப்பாகவே இருந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுப் பானையும் கலங்கலாகவே இருந்தது. அம்மா தலையில் குட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

அத்தை கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பறியின் கயிற்றை விரலில் சுற்றியபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பாப்பா, பானையில எப்டித் தெளியுது?"

"கொட்டை ஒரசினதால."

"ஒரசிட்டுப் பானைய ஆட்டிக்கிட்டே இரு, தெளியுதா பாப்போம்." எனக்குச் சொன்னது மாதிரியே இல்லை. அவர் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் சொல்தா சட்டப்படி இறங்கினார். அரசாங்கத்துக்கு மனு எழுத ஒரே ஒரு மொழிதான் உண்டு என்று நம்பிய மனிதர் அவர். நல்ல தாளில், நல்ல பிரெஞ்சில், தம் படைப்பிரிவு எண்ணையும் குறிப்பிட்டு எழுதினார். ஆனால் அலுவலகத்தின் மேல் நாற்காலியில் மதராஸிலிருந்து புதிதாக வந்தவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு பிரெஞ்சு தெரியாது. தெரிந்தவர்களில் கைக்கு எட்டியவர் அப்பா. ஆகவே தம்மீது வந்த புகாரை அப்பாவே மொழிபெயர்த்துக் கொடுத்தார். மொழிபெயர்ப்பு மேலே போய், 'சம்பந்தப்பட்ட ஓவர்சியரின் அறிக்கைக்கு' என்ற குறிப்போடு மறுபடியும் அப்பாவிடமே வந்தது.

சிரிக்க வேண்டாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் அனுப்பினேன். யார்மீது புகாரோ அவரிடமே அறிக்கை கேட்பதுதான் நடைமுறை. அவரைத் தவிர வேறு யாருக்கு விவரம் தெரியும்?

'ஆய்வு செய்ததில் ஆற்றில் கலங்கல் காணப்படவில்லை' என்று அப்பா வரைவு எழுதினார். ஆனால் அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: பார்க்காததைப் பார்த்ததாக எழுதமாட்டார். எனவே நான்கு நாள் மழை இல்லாமல் ஆறு ஓரளவு தெளிந்த ஒரு பிற்பகலில், வரைவை உண்மையாக்குவதற்காக ஆற்றுக்குப் புறப்பட்டார். கூட நான்.

அத்தை தண்ணீரில் இருந்தார். பல்லில் இருந்த கயிற்றை எடுத்தார். "வாங்கண்ணே. தெளிவாத்தான இருக்கு?"

"தெளிவாத்தான் இருக்கு."

அத்தை ஓர் ஓட்டைப் பூப்போல எடுத்து, தண்ணீர் மட்டத்திலேயே மல்லாத்திக் காட்டினார். உள்வளைவு முழுவதும் மெழுகியதுபோலச் செம்மண். அதற்குள் கடுகைவிடச் சிறிய முட்டைகள் புதைந்து கிடந்தன. ஓர் ஓரத்தில் மட்டும் நகம் அகலத்துக்குச் சுத்தமான திட்டு. அந்தத் திட்டின் அருகே ஓர் உளுவை. ஓடு மேலே வந்தும் அது ஓடவில்லை. வால் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆம்பள மீனு. பொட்ட முட்ட போட்டுட்டுப் போயிடும். இதுதான் விசிறிக்கிட்டுக் கெடக்கும், மண்ணு ஒக்காராம. நாலு நாளா இந்த ஒரு எடத்தத்தான் காப்பாத்தியிருக்கு" என்றார் அத்தை. "ஐப்பசி மழைல அந்த மண்ணுக் குமி மொத்தமும் எறங்குச்சுன்னா இதுவும் முடியாது, நானும் முடியாது. இத எழுதிக்குங்க."

அப்பா மீனையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை ஓட்டை அதே இடத்தில் அதே சாய்வில் வைத்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா வரைவை நான்காக மடித்துப் பைக்குள் போட்டார். அது பிறகு எங்கே போயிற்று என்று தெரியாது.

குவியலை அகற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. தகராறு தீரும்வரை அந்த மண் யாருடையது என்பதே கேள்வி. அத்தையிடம் இதைச் சொன்னார். "மண்ண எடுக்க முடியாது. கரையில மம்முட்டி வெச்சாலும் குத்தம். நானே கேஸ் எழுதணும்."

"நீங்க எழுதுங்க. நான் வெட்டறேன்" என்றார் அத்தை.

புரட்டாசியில் வெட்டத் தொடங்கினார். குவியலின் அடிவாரத்தை ஒட்டி ஒரு வாய்க்கால். அது போய்ச் சேர ஒரு பள்ளம். குவியலில் விழும் மழை நேரே ஆற்றுக்குள் பாயாமல் பள்ளத்துக்குள் போய் நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் இரண்டு நாள் அவரும் பெண்களும் மட்டும். மூன்றாம் நாள் அம்மா மம்முட்டியுடன் போனார். ஓவர்சியரின் மனைவி போகிறாள் என்றதும் தெருவில் பாதிப் பேர் போனார்கள். ஆடியில் அந்தத் தண்ணீரைக் கும்பிட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். வெட்கத்துக்கு இவ்வளவு வேலை செய்யத் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தேன். தென்னங்கீற்றை முடைந்து வாய்க்காலுக்குக் குறுக்கே தட்டியாக நட்டார்கள். சொல்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து படை ஒழுங்கில் ஆணையிட்டார், யாரும் கேட்கவில்லை.

"ஏன் முசியே, ஒக்காந்த எடத்துலயே யுத்தம் ஜெயிச்சீங்களா?" என்றார் அத்தை. அதன் பிறகு அவரும் கூடை தூக்கினார்.

ஒரு மதியம் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். தோளில் தோல் உறை. எல்லோரும் கையை நிறுத்தினார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அப்பா பள்ளத்துக்குள் இறங்கி, என்னைக் கூப்பிட்டு நாடாவின் முனையைக் கையில் கொடுத்தார். பிடித்துக்கொள் என்றார். அந்த நாடாவை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

நீளம், அகலம், ஆழம் அளந்தார். குறிப்பேட்டில் எழுதினார். கேஸ்தான் எழுதுகிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

"அர மீட்டர் ஆழம் போதாது" என்றார், யாரையும் பார்க்காமல். "இன்னும் அவ்ளோ வேணும். வழியற எடத்துல கல் அடுக்கு, இல்லன்னா மொத மழைலயே அறுத்துக்கும். மூலைய நேரா வெட்டும்மா, கோணலா இருக்கு."

"சரிங்கண்ணே" என்றார் அத்தை. அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஐப்பசி அடைமழை பதினோரு நாள் பெய்தது. குவியல் பாதியாகக் கரைந்தது. பள்ளம் தக்காளிச் சாறுபோல நிறைந்து நிற்க, கல் அடுக்கின் மேல் வழிந்தது தேநீர் நிறத்தில்தான் இருந்தது. தெளிவு என்று சொல்லமாட்டேன், பொய்யாகும். ஆற்றில் சிவப்பு வரத்தான் செய்தது. ஆனால் ஆடியில் படிந்த அளவுக்குப் படியவில்லை. மழைக்கு நடுவே தட்டி இரண்டு முறை சாய்ந்தது. அத்தை இரண்டு முறையும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய் நிமிர்த்தினார்.

மாசியில் அவர் ஓடுகளைத் திருப்பிப் பார்த்தபோது நாங்கள் கரையில் வரிசையாக நின்றோம். முதல் ஓடு, மண். இரண்டாவது, மண். மூன்றாவதின் உள்வளைவில் முட்டைகள் கண்ணாடிபோல மின்னின. ஓர் உளுவை விசிறிக்கொண்டிருந்தது. அத்தை வாயில் கயிறு இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் உயர்த்தி மூன்று விரல் காட்டினார். அந்த வாரமே அவர் பெண்கள் எங்கள் வீட்டுக்குப் பாடம் எழுத வருவதை நிறுத்திவிட்டார்கள். அம்மா சில நாள் பழக்கத்தில் இரண்டு தட்டு கூடுதலாகக் கழுவினார்.

பல ஆண்டுகள் கழித்து அதே அலுவலகத்தில் நான் மேற்பார்வையாளராக இருந்தேன். ஒரு நாள் எழுத்தர் ஒருவர் கோப்போடு வந்தார். "மேடம், ரெக்கார்டுல ஆத்தங்கரையில ஒரு குட்டை காட்டுது. பழைய பிரெஞ்சு வரைபடத்துல இல்ல. நீக்கிட்டா எடத்த வேற தேவைக்கு ஒதுக்கிடலாம்." கோப்பைத் திறந்தேன். அடியில் சொல்தாவின் பிரெஞ்சு மனு, அதன்மேல் அப்பாவின் அறிக்கை. அந்தச் சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருந்தது: 'மண் குவியலின் அடிவாரத்தில் இயற்கையாக அமைந்த குட்டை ஒன்று இருப்பதால், மண் ஆற்றில் சேர வாய்ப்பு இல்லை. மேல்நடவடிக்கை தேவையில்லை.' இணைப்பாக ஒரு வரைபடம். நான்கு மூலையும் செங்கோணம். வழிந்தோட அடுக்கிய கல்லுக்கும் சென்டிமீட்டர் வரை அளவு. இயற்கை அவ்வளவு நேராக வெட்டியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பார்க்காததைப் பார்த்ததாக எழுதாத மனிதர், பார்த்ததைப் பார்க்காததாக எழுதியிருந்தார். அவர் உயிரோடு இருந்தவரை இதை வீட்டில் சொன்னதில்லை. கரையை வெட்டிய குற்றத்துக்கு அத்தைமீது எழுத வேண்டிய கேஸ் அந்த ஒரு வரியில் முடிந்துபோயிருந்தது.

நான் பேனாவை எடுத்து, 'ஆவணத்தில் உள்ளபடி தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அது பொய் அல்ல. ஆவணத்தில் இருந்தது. ஆவணத்துக்குள் அது எப்படி வந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

சென்ற மாதத்துக்கு வருகிறேன். பலகை அருகே மஞ்சள் தொப்பி போட்ட இளம் பொறியாளர் பெண் ஒருவர் நின்றிருந்தார். கேட்டதும் ஆர்வமாக விளக்கினார்.

"இது நேச்சுரல் பாண்டு மேடம். ஏற்கெனவே ரெக்கார்டுல இருந்ததால எங்களுக்கு எடம் தேடற வேலையே இல்ல. அத ஆழப்படுத்தறோம், அவ்ளோதான். ஒண்ணுதான் ஆச்சரியம், ரொம்ப ஸ்கொயரா இருக்கு."

"சில எடத்துல அப்டித்தான் அமையும்" என்றேன்.

"அடுத்து ஆத்துப் படுகையையும் சுத்தம் பண்றோம். அடியில பழைய ஓட்டுத் துண்டு நெறைய கெடக்கு. கட்டட இடிபாடுன்னு நெனைக்கறேன். எல்லாத்தையும் வாரி எடுத்துடுவோம்."

முழங்கால் வலியை மறந்து கரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஓடுகளின் அடியில் என்ன இருக்கிறது, எந்த மாதத்தில் இருக்கும், யார் கவிழ்த்து வைத்தது என்றெல்லாம் சொன்னேன். குட்டையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா வேலைப் பட்டியல்ல இருக்கே. நானா அத நீக்க முடியாது."

"நான் மனு குடுக்கறேன். மூணு பிரதி. ஒங்கமேலதான் புகார் எழுதுவேன், தப்பா நெனைக்காதீங்க."

"எம்மேலயா?"

"அப்பதான் அது ஒங்க கிட்டயே அறிக்கைக்கு வரும்."

சற்று நேரம் யோசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார். கெட்டிக்காரப் பெண். "வந்தா நான் இன்னா எழுதட்டும்?"

"படுகைய நேர்ல ஆய்வு செஞ்சதுல ஓடு எதுவும் காணப்படலன்னு எழுதுங்க. இல்லாத ஓட்ட யாராலயும் வாரி எடுக்க முடியாது."

மனுவைக் கொடுத்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டு என் பையில் இருக்கிறது. நேற்று அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, மனு தம் மேசைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். அறிக்கை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதலாமா என்று கேட்டார்.

பார்த்துவிட்டு, அதே இடத்தில் அதே சாய்வில் வைத்துவிடுங்கள் என்றேன்.